நீ விட்டுப்போன மீன் சுங்கான்தான்

பிள்ளை,

நலம் விசாரித்துத் தொடங்க எனக்கு உரிமை இருக்கிறதோ தெரியாது. நீ நலமாக இருப்பது மட்டும் தெரியும். உன் அம்மா குசினிக்குள் நின்று உன்னோடு தொலைபேசியில் கதைத்து முடித்ததும், "அவள் நல்லாத்தான் இருக்கிறாள், இருமலும் மாறிட்டுது" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். என் காதில் விழவேண்டும் என்றுதான் அந்தச் சத்தம். இரண்டு மாதத்துக்கு மேலாக உன் செய்தி எனக்கு அடுப்பு வழியாகத்தான் வருகிறது. இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டாமலே அனுப்புகிறேன். உன் புருஷன் அன்ரன் வாசிக்கட்டும், அவனுடைய தகப்பன் சவரிமுத்து வாசிக்கட்டும், குருநகரில் விரும்பியவர் எல்லாரும் வாசிக்கட்டும். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றுதானே நான் உன் கல்யாணத்துக்கு வராமல் இருந்தேன். அந்த நாலு பேரும் இதையும் வாசித்துவிட்டுப் போகட்டும். எழுத்து கோணல் மாணலாக இருக்கிறது என்று யோசிக்காதே. வலது கை இன்னும் சரியாக மடங்கவில்லை. அதற்குக் காரணம் நீ பின் விறாந்தைத் தொட்டியில் விட்டுப்போன மீன்.

மாரி மழை விட்ட கையோடு அரியாலைப் பக்கத்துக் குளம் ஒன்றிலிருந்து அதைப் போத்தலில் கொண்டுவந்தாய். நகத்தளவு குஞ்சு, முகம் முழுக்க மீசை. "உது எங்கடை நாட்டு மீன்தான், அது நிச்சயம். கெளிறோ சுங்கானோ எண்டுதான் தெரியேல்லை. கொஞ்சம் வளரட்டும், பாப்பம்" என்றாய். பல்கலைக்கழகத்தில் மீன்களைப் பற்றியே படித்துவிட்டு வந்த நீ, ஒரு குஞ்சுக்குப் பெயர் சொல்ல மாதக்கணக்கில் பொறுத்திருக்கத் தயாராக இருந்தாய். எனக்கு அது விளங்கவில்லை. உரும்பிராயில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் இல்லை, எல்லாருக்கும் நான் சேவையர். முப்பது வருடம் மற்றவர்களின் காணி எல்லையை அளந்து இதுதான் கோடு என்று சொன்னவன். சொன்னதை ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை என்பதில் பெருமைப்பட்டவன். மீனோ என் வாழ்நாளில் தொட்டதில்லை. சுகாதாரப் பகுதியார் காய்ச்சல் பரப்புகிற நுளம்பின் குடம்பியைத் தின்னுமென்று கிணற்றுக்குள் மீன் விட வந்தபோது சரி என்றேன். கிணற்று மீன் கிணற்றோடு. வீட்டுக்குள் மீன்தொட்டி வந்தபோது சாமியறைக்கு எட்டாத தூரத்தில் வைக்கச் சொன்னேன். நீ ஒன்றும் பேசாமல் பின் விறாந்தைக்குத் தூக்கிக்கொண்டு போனாய்.

நீயும் நானும் கோபம் வந்தால் ஒரே மாதிரித்தான். வாய் மூடிவிடும். உயர்தர வகுப்புக்கு நீ கணிதம் படிக்கவேண்டும் என்று நான் படிவத்தை நிரப்பி வைத்தேன். நீ பள்ளிக்கூடத்தில் போய் அதை வெட்டி உயிரியல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய். மூன்று கிழமை நான் உன்னோடு கதைக்கவில்லை. "அவளைக் கேள், ரியூசனுக்கு நேரமாகேல்லையோ எண்டு" என்று உன்னை முன்னால் வைத்துக்கொண்டே அம்மாவிடம் சொல்வேன். "அவருக்குச் சொல்லுங்கோ, இண்டைக்கு ரியூசன் இல்லை எண்டு" என்று நீயும் அம்மாவிடமே சொல்வாய். அவள் நடுவில் நின்று, "நானென்ன தபாற்காரியோ?" என்று கத்தினாள். நாம் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம், ஒருவரை ஒருவர் பாராமல். அந்தச் சிரிப்போடு நான் இறங்கி வந்திருக்கவேண்டும். வரவில்லை. நீயாக வந்து, "அப்பா, சைக்கிளுக்குக் காத்தில்லை" என்று சொன்ன பிறகுதான் கதைத்தேன். எப்போதும் நீதான் முதலில் வந்தாய். அது எனக்குப் பழகிப்போய்விட்டது.

அடுத்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதவேண்டும். கடல்தொழில்காரரான அன்ரனின் தாய் தகப்பன் நம் வீட்டுக்குக் கலியாணம் கதைக்க வந்த அன்று, குசினிக்குள் போய் உன் அம்மாவிடம், தேத்தண்ணியைப் பேப்பர் கப்பில் கொடு என்று சொன்னது நான்தான். "ஏன், வீட்டிலை கோப்பை இல்லையே?" என்று கேட்டாள். "சொன்னதைச் செய்" என்றேன். அந்த மனிசர் இரண்டு பேரும் குடித்தார்கள். சவரிமுத்து தேத்தண்ணி நல்லாயிருக்கு என்றும் சொன்னார். எழும்பும்போது அந்தக் கப்பை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, இதை எங்கே போடுகிறது என்று மரியாதையாகக் கேட்டார். அவருக்கு விளங்கியிருந்தது. நம் ஊரில் அது விளங்காத ஆள் ஆர்? அடுத்த நாள் நீ கடையில் ஒரு கட்டுப் பேப்பர் கப் வாங்கி வந்தாய். அன்று தொடங்கி இந்த வீட்டை விட்டுப் போகும்வரை அதில்தான் தேத்தண்ணி குடித்தாய், என் கண்ணுக்கு முன்னால் இருந்து. ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிள்ளை, என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு நொந்திருக்காது.

கல்யாணத்துக்கு ஒரு கிழமைக்கு முன் நல்லூரில் உன் சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன் என்று பையோடு நின்றாய். அழைப்பிதழை என் மேசையில் வைத்தாய். "அப்பா, அங்கை வேதக்கோயில் வாசல்லை இருந்து தேப்பன்தான் பிள்ளையின்ரை கையைப் பிடிச்சு உள்ளை கூட்டிக்கொண்டு போறது. வருவியளோ?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "உந்த மீனுக்கு ஆர் சாப்பாடு போடுறது?" என்று கேட்டேன். ஒரு தகப்பன் சொல்லுகிற பதிலா அது! நீ "நீங்கள் போடுங்கோ" என்றாய். தொட்டிக்குப் பக்கத்தில் உன் கொப்பியைத் திறந்து வைத்துவிட்டுப் போனாய். நான் வரவில்லை. உன் அம்மாவையும் போகவிடவில்லை. அவள் அன்று முழுதும் சாமியறையை விட்டு வெளியே வரவில்லை.

அந்தக் கொப்பியில் நீ பென்சிலால் கேள்விகள் எழுதியிருந்தாய். மீசை எத்தனை. முதுகில் செட்டைக்குப் பின்னால் சதைபோல இன்னொரு சின்னச் செட்டை உண்டா. வயிற்றின் கீழ்ச் செட்டை எவ்வளவு தூரம் ஓடுகிறது. வால் கவரா, உருண்டையா. மேலே வந்து காற்று எடுக்கிறதா. முதல் கிழமை நான் சாப்பாடு மட்டும் போட்டேன். பிறகு ஒருநாள் தோன்றியது, இந்தக் கேள்விகளுக்கு விடை கண்டுபிடித்தால் உனக்குத் தொலைபேசி எடுக்க ஒரு காரணம் கிடைக்கும். "பிள்ளை, உன்ரை மீன் இன்ன மீன்" என்று தொடங்கலாம். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் தானாக வரும். ஒரு படம் எடுத்து உனக்கு அனுப்பியிருந்தால் நீயே ஒரு நொடியில் சொல்லியிருப்பாய் என்று நினைப்பாய். அனுப்புவதென்றால் முதலில் உன் இலக்கத்தை அழுத்தவேண்டுமே. வெறுங்கையோடு அதைச் செய்ய எனக்குத் துணிவு வரவில்லை. பெற்ற மகளோடு கதைக்கச் சாட்டுத் தேடித் திரிந்த தகப்பன் நான்.

அப்படியே பூதக்கண்ணாடியோடு தொட்டிக்கு முன்னால் குந்தினேன். மீன் பகலெல்லாம் ஓட்டுத் துண்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும். மீசை எட்டு என்று நாலு நாளில் எண்ணி முடித்தேன். ஆனால் உன் புத்தகத்தைப் பார்த்தால் கெளிறுக்கும் எட்டு, சுங்கானுக்கும் எட்டு. முதுகில் சதைபோல ஒன்று தெரிந்தது, உண்டு என்று எழுதினேன். வால் இரண்டாகப் பிரிந்து தெரிந்தது, கவர் என்று எழுதினேன். இடைக்கிடை மேலே வந்து வாயைத் திறந்துவிட்டுக் கீழே போனது. பசியாக்கும் என்று இன்னும் கொஞ்சம் சாப்பாடு போட்டேன். எல்லாவற்றுக்கும் கீழே, பென்சிலால் அல்ல, பேனையால், 'கெளிறு' என்று எழுதிக் கோடும் போட்டேன். பிறகும் மனம் அடங்கவில்லை. அளவு இல்லாமல் ஒரு அறிக்கையா? வரைபுத்தாளில் மீனைக் கிடத்தி, நீளம் அகலம் எடுத்து, அளவுத்திட்டத்தோடு படம் கீறி உனக்குக் காட்டவேண்டும் என்று தோன்றியது. போன செவ்வாய்க்கிழமை காலமை குளித்து, திருநீறு பூசி, வரைபுத்தாளை நனைத்து மேசையில் விரித்து வைத்துவிட்டு, தொட்டிக்குள் கையை விட்டு மீனைப் பொத்திப் பிடித்தேன்.

அதன் பிறகு நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வளவுக்காரர் வேலியால் எட்டிப் பார்த்தார்களாம். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் குத்திய இடம் ஒரு ஊசிமுனை அளவு. வலி தோள்மூட்டுவரை ஏறியது. பொய் சொல்லவில்லை, நிலத்தில் இருந்து அழுதேன். உன் அம்மா ஓடிவந்து பார்த்தாள். டொக்டருக்குத்தான் எடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தொலைபேசியை எடுத்து, "அண்ணை, இவரை மீன் குத்திப்போட்டுது. கை வீங்குது, மனிசன் துடிக்கிறார்" என்றாள். அந்த வலிக்குள்ளும் எனக்கு ஆச்சரியம், எந்த அண்ணை? இவளுக்கு ஏது அண்ணை? மறுபக்கத்துக் குரல் வெளியே கேட்டது. "சுடுதண்ணி வையுங்கோ தங்கச்சி. பொறுக்கக்கூடிய சூடு, கொதிக்கக்கூடாது, தோல் வெந்துபோம். கையை அதுக்குள்ளை வைச்சிருக்கச் சொல்லுங்கோ. நான் உடனை வாறன்." சவரிமுத்துவின் குரல். இரண்டு மாதமாக அவர்கள் அண்ணை தங்கச்சி. அடுப்புக்குக்கூட அதை அவள் சொல்லவில்லை.

அரை மணித்தியாலத்தில் மோட்டர்சைக்கிளில் வந்து இறங்கினார். கடலால் வந்த உடுப்பை மாற்றவில்லை. கேற்றடியில் நின்று, உள்ளே வரலாமா என்று ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை அவருக்குப் பழக்கியவன் நான். "வாங்கோ" என்று கத்தினேன். எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து என் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "முள்ளு முறிஞ்சு உள்ளை நிக்குதோ பாப்பம். இல்லை, நல்ல காலம்." பிறகு தன் கையாலேயே தண்ணீரின் சூட்டைப் பார்த்து, என் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல உள்ளே இறக்கினார். சூடு ஏற ஏற வலி இறங்கியது. "ஆர் சேவையர் ஐயா உங்களுக்கு உதை வெறுங்கையாலை பிடிக்கச் சொன்னது?" என்றார். "ஒருத்தரும் சொல்லேல்லை. கெளிறு எண்டு நினைச்சன்" என்றேன். "கெளிறெண்டாலும் குத்தும் ஐயா! எங்கடை பக்கத்துச் சின்னப்பிள்ளையும் உதிலை கை வைக்காது." உன் அம்மா என் கோப்பையில் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள், என் முகத்தைப் பார்த்தபடியே.

தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே தொட்டியைக் குனிந்து பார்த்தார். "உது சுங்கான்குஞ்செல்லோ" என்றார். அவ்வளவுதான். ஒரு நிமிசமும் செல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது, நம்பமாட்டாய். "வால் கவர் விட்டிருக்கு, வடிவாப் பாருங்கோ" என்றேன். அவர் விரலால் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்தார். பாசிக்கோடு ஒன்று அழிந்தது. வால் உருண்டையாக இருந்தது. முதுகில் நான் கண்ட சதையும் ஒரு பாசித்தும்புதான், மீன் திரும்பியதும் விழுந்துவிட்டது. "வயித்துச் செட்டை வால்மட்டும் ஓடுது பாருங்கோ. கெளிறுக்குக் கட்டை." மேலே வந்து வாய் திறப்பதைச் சொன்னேன். "அது பசியில்லை ஐயா, காத்துக் குடிக்கிறது. தண்ணி வத்தினாலும் சுங்கான் உயிரோடை கிடக்கும்." கடல்காரருக்குக் குளத்து மீன் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இடம்பெயர்ந்து வன்னியிலை ரெண்டு வருசம் குளத்து மீனோடைதானே சீவிச்சம்" என்றார். மேசையில் விரித்திருந்த வரைபுத்தாளைப் பார்த்துவிட்டு, போத்தலுக்குள் மீனை விட்டு வெளியால் தாளைப் பிடித்தால் அளக்கலாமே என்று கேட்டார். முப்பது வருட சேவையருக்கு அது தோன்றவில்லை. உன் மீன் ஏழு சென்ரிமீற்றர், பிள்ளை. அவர்தான் போத்தலைப் பிடித்தார், நான் இடது கையால் குறித்தேன்.

தண்ணீர் ஆறிவிட்டதென்று உன் அம்மா மாற்றிக்கொண்டு வந்தாள். ஏதாவது கேட்கவேண்டுமே என்று, "கலியாணம் நல்லா நடந்ததோ?" என்றேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று உறைத்தது. அவர் என் முகத்தைப் பாராமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நடந்தது ஐயா. கொஞ்சம் பிந்தித்தான் நடந்தது. பத்து மணிப் பூசை. பத்தே முக்காலுக்குத்தான் பிள்ளை உள்ளை வந்தது. வாசல்லையே நிண்டது. 'அப்பா வருவார் மாமா, கொஞ்சம் பொறுங்கோ' எண்டு. பாதர் ரெண்டு தரம் ஆள் அனுப்பிப்போட்டார். நான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டன். 'வேண்டாம் மாமா, அது அப்பான்ரை இடம்' எண்டிட்டுத் தனிய நடந்து வந்தது." உன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. "அவள்தான் உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டவள்" என்றாள். பிறகு அவர் என்னைத் தன் மோட்டர்சைக்கிளில் பின்னால் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், முள் குத்தினால் போடுகிற ஏற்பு ஊசி போடுவித்து, திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். வழியெல்லாம் நான் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளை, நான் அவருக்கும் சொல்லாததை, உன் அம்மாவுக்கும் சொல்லாததை இப்போது உனக்குச் சொல்கிறேன். அன்று நான் வந்தேன். சுன்னாகம் சந்தைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பட்டு வேட்டியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, குருநகருக்கு ஸ்கூட்டரை விட்டேன். கோயிலுக்குப் போகிற தெருமுனையில் ஒரு கடை இருக்கிறது. அங்கே நிறுத்தி ஒரு சோடா வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால். வாசலில் நீ வெள்ளைச் சீலையோடு நின்றாய். அவ்வளவு வடிவாக இருந்தாய். படம் எடுக்கிறவன் உன்னைச் சுற்றிக் குனிந்து நிமிர்ந்து திரிந்தான். நீ தெருவை நோக்கித் திரும்பி நிற்பதும், அவன் கூப்பிட்டால் சிரிப்பதும், பிறகு திரும்பத் தெருவைப் பார்ப்பதுமாக இருந்தாய். இவள் படத்துக்கு நிற்கிறாள், சந்தோசமாகத்தான் இருக்கிறாள், இனி இந்தக் கிழவன் இவளுக்கு எதற்கு என்று நினைத்தேன். இருபது நிமிசம் நின்று பார்த்தேன். வேட்டியைப் பையை விட்டு வெளியே எடுக்கவில்லை. சோடாப் போத்தலைக் கடையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். வழியில் உன்மேல் கோபம்கூட வந்தது, அப்பா இல்லாமலும் இப்படிச் சிரிக்கிறாளே என்று.

கடைக்காரனிடம், அந்தப் பிள்ளை ஏன் இவ்வளவு நேரம் வெளியே நிற்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஐம்பது யார் தூரம் நடந்து உன்னிடமே கேட்டிருக்கலாம். தூர நின்று பார்த்து முடிவெடுத்துப் பழகிய மனிசன் நான். உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை, என்றாலும் தகப்பன், ஒன்று சொல்கிறேன். அன்ரனோடு கோபம் வந்தால் சண்டை பிடி, சத்தம் போடு, கோப்பையை எறிந்து உடை. கதைக்காமல் மட்டும் இருந்துவிடாதே. அது என்னிடமிருந்து உனக்கு ஒட்டிய குணம், அதை என்னோடு விட்டுவிடு. அவனுடைய தகப்பனும் தாயும் மனிசர். நான் அவர்களுக்குச் செய்ததற்கு நான்தான் நேரே மன்னிப்புக் கேட்கவேண்டும், உன் வழியாக அல்ல, உன் அம்மாவின் தொலைபேசி வழியாகவும் அல்ல. உன்னிடம் என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை. அந்த முக்கால் மணித்தியாலத்தை எந்தக் கணக்கிலும் நான் உனக்குத் திருப்பித் தரமுடியாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் வருகிறோம். எத்தனை மணிக்கு என்று சொல்லமாட்டேன். சொன்னால் நீ எனக்காக வாசலில் வந்து நிற்பாய். உள்ளேயே இரு, பிள்ளை. நான் வந்து கதவைத் தட்டுகிறேன்.

அப்பா